மார்ஜரி மிஸ்ஸி வாயால் வந்த அம்மா

மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே மிளகும் சாதிக்காயும் விளைகிற ஒரு தோட்டத்தில், இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அத்தனை பேரையும் முதன்முதலாகத் தராசில் போட்டவள் மார்ஜரி. அரசாங்கக் கடதாசியில் அவளுடைய உத்தியோகத்துக்குப் பொதுச் சுகாதார மருத்துவமாது என்று பெயர். அவ்வளவு நீளத்தையும் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையே பிறந்துவிடும் என்பதால் தோட்டத்துக்கு அவள் மிஸ்ஸி. வயது ஐம்பத்திரண்டு, சர்வீஸ் இருபத்தாறு வருடம். ஒரு பழைய ஸ்கூட்டியும், அதில் தொங்குகிற தராசும், யாராலும் நிறுத்த முடியாத ஒரு வாயும் அவளுடைய சொத்து.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மார்ஜரியின் வாயால் மற்றவர்களின் பிள்ளைகள் பிழைத்தன. ஊசி வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களை அவள் கதவுக்கு வெளியே நின்று பேசியே வென்றிருக்கிறாள். ஒரு கிழவர் “ஊசியப் போட்டுட்டு இந்தப் பொம்பளைய அனுப்புங்கடா, தலை வலிக்குது” என்று தன் பேரனைத் தூக்கிக் கொடுத்தாராம். ஒரு வீட்டில் பத்து நிமிடம் வேலை என்றால், விடைபெற இன்னொரு பத்து நிமிடம் ஆகும். வாசலில் ஒருமுறை, படியில் ஒருமுறை, ஸ்கூட்டியில் ஏறி ஒருமுறை என்று மூன்று தடவை “போயிட்டு வாறேன்” சொல்லாமல் அவள் நகர மாட்டாள். கட்டியிருக்கிற ஆட்டுக்கும் சொல்வாள். “நீ செத்தாலும் பெட்டிக்குள்ள இருந்து அதத்தான் சொல்லுவ” என்று புருஷன் நோபர்ட் கேலி செய்வார்.

அந்த வாய்தான் போன மாசி மாதம் அவளை மாட்டிவிட்டது.

தோட்டத்தின் மேற்பகுதியை மேக்கணக்கு என்பார்கள். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் சசிக்குமாரும் தினுஷாவும் இருந்தார்கள். கலியாணமாகி எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஒன்பதாவது வருடம் பெற்ற பெண் ஹர்ஷிகா. நாலு வயது. அவளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிருந்தது. டொக்டர்கள் அதற்குச் சின்னம்மை என்பார்கள். லயத்தில் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை மரியாதையாக அனுப்பும்வரை வீட்டில் தாளிப்பு இல்லை, மருந்து இல்லை, பிள்ளை படி தாண்டக் கூடாது.

மார்ஜரி போய்ப் பார்த்தாள். வாசலில் வேப்பிலை, உள்ளே சுத்தமான வெள்ளைத் துணியில் பிள்ளை. சாதாரண அம்மைதான், பயமில்லை. கத்தோலிக்கக்காரியாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் அவளுக்குப் பெரிய மனக்குறை எதுவும் கிடையாது. பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருப்பது நல்லதுதானே. ஒரு விஷயத்தில் மட்டும் வாதாடினாள்.

“நகத்த மட்டும் வெட்டி விடுங்க தம்பி. சொறிஞ்சா புண்ணாயிரும்.”

“அம்மா இருக்கிற வீட்ல நகம் வெட்டக் கூடாது மிஸ்ஸி” என்றான் சசிக்குமார், மரியாதையாகத்தான்.

சரி, பழைய துணியில் கையுறை மாதிரி தைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அங்கேதான் வந்தது வினை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இருபத்தாறு வருடப் பழக்கத்தில், “சரி தங்கங்களா, போயிட்டு வாறேன்” என்றாள்.

அம்மா இறங்கியிருக்கிற வீட்டில் சொல்லவே கூடாத சொல் அது. வந்தவர் வாய் திறக்காமல் எழுந்து போய்விட வேண்டும். வருகிறேன் என்று யார் சொன்னாலும் அம்மா தன்னைத் திரும்ப வரச் சொல்வதாக எடுத்துக்கொள்வாள். மார்ஜரிக்கு இது தெரியாததல்ல. எத்தனையோ வீட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். முறத்தில் வேப்பிலை உருவிக்கொண்டிருந்த தினுஷாவின் கை நின்றுபோனதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பதறிப்போய், “ஐயோ, இல்ல, வரல்ல, நான் வரவே மாட்டேன்” என்றாள். அதிலும் அதே வருகிற சொல் இரண்டு தரம் இருந்தது, அது இன்னும் கெடுத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலம்மா பேசினாள்.

“மிஸ்ஸி, சசி மகளுக்குக் காய்ச்சல் திரும்பிருச்சு. கால் வீங்கிக் கெடக்காம். நீங்கதான் அம்மாவ வரச் சொல்லிட்டுப் போனீங்கன்னு லயமே பேசுது.”

மார்ஜரி ஸ்கூட்டியை முறுக்கினாள். சசிக்குமார் வாசலில் குறுக்கே நின்றான். உள்ளே போக விடவில்லை. அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஹர்ஷிகாவின் இடது கால் பாதத்திலிருந்து முழங்கால்வரை சிவந்து மினுங்கியது. சொறிந்த ஒரு கொப்புளத்தில் சீழ் கட்டியிருந்தது. பிள்ளை அழவில்லை. அழாத பிள்ளைதான் ஆபத்தான பிள்ளை என்று மார்ஜரிக்குத் தெரியும். உதடு காய்ந்து, கண் பாதி மூடிக் கிடந்தது.

“தம்பி, இது அம்மா இல்ல. புண்ணுல கிருமி ஏறியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

“நீங்க சொன்ன ஊசி எல்லாத்தையும் நான் போட்டிருக்கேன் மிஸ்ஸி. ஒரு கிளினிக் விட்டதில்ல. மருந்துக்கு நான் விரோதி இல்ல” என்றான் சசிக்குமார். “ஆனா இது அம்மா குடுத்த பிள்ள. அவ வீட்ல இருக்கிறப்ப மருந்துக்கு ஓடினா, குடுத்தவள நம்பலன்னு ஆயிரும். குடுத்தவ எடுத்துக்கிட்டா நான் யார்கிட்டப் போய்க் கேக்கிறது?”

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் முட்டாள் இப்படிக் கண் கலங்க நிற்க மாட்டான். உள்ளேயிருந்து தினுஷா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், புருஷனைப் பார்க்காமல்.

“நேத்துச் சாயங்காலத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல்ல மிஸ்ஸி.”

மார்ஜரி தன் கந்தோருக்கு, மேலதிகாரிக்குப் போன் பண்ணினாள். சுகாதார வைத்திய அதிகாரி டொக்டர் முஸம்மில் மாத்தளை டவுன்காரர், முப்பத்தைந்து வயது, சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர். கேட்டு முடித்ததும் சொன்னார்.

“நான் பொலிஸோட வாறேன். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன மார்க்கம், என்ன மதம் மிஸ்ஸி? பெருசாகி, புத்தி தெரிஞ்சு, எனக்கு மருந்து வேணாம்னு அது சொல்லட்டும், நான் கைய எடுத்துடுறேன். இப்ப அது எங்கட பொறுப்பு. வாப்பா உம்மாட நம்பிக்கைக்குப் பிள்ளைட உசிரக் குடுக்க ஏலாது.”

“சரிதான் டொக்டர். பொலிஸ் வந்தா இந்தப் பிள்ளைய எடுத்துருவீங்க. அடுத்த பிள்ளைக்கு அம்மா போட்டா எங்கள்ட்டச் சொல்லுவாங்களா? மிளகுக் கொடிக்குள்ள கொண்டுபோய் ஒளிச்சு வைப்பாங்க.”

மறுமுனையில் ஜீப் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“நீங்க உங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஓதி ஊத மாட்டீங்களா?” என்று மார்ஜரி சந்தடி சாக்கில் கேட்டாள்.

“ஊதுவேன். ஊதிட்டு மருந்தும் குடுப்பேன்.”

“அதத்தான் நானும் கேக்கப்போறேன். ஒரு மணித்தியாலம் தாங்க.”

“முக்கால் மணித்தியாலம். நான் ஜீப்ல வெளிக்கிட்டுட்டேன். பொலிஸுக்கும் சொல்லி வைப்பேன்.”

மார்ஜரி ஸ்கூட்டியில் உட்கார்ந்து யோசித்தாள். அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. அதை நினைக்கவே பிடிக்கவில்லை. லயம் முழுக்க அவள் கூப்பிட்டதால்தான் அம்மா திரும்பினாள் என்கிறது. ஆமாம் என்று ஒத்துக்கொண்டால்? கூப்பிட்டவள்தானே கூட்டிப்போக வேண்டும்! ஆனால் அப்படி ஒத்துக்கொண்டால் அவள் கருநாக்குக்காரி ஆகிவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் கருநாக்கை யார் விடுவார்கள்? வாயை வைத்தே இருபத்தாறு வருடம் பிழைத்தவளுக்கு அந்த வாயில் நஞ்சு என்று பெயர் வந்தால் பிறகு என்ன மிச்சம்?

அதோடு அவளுக்கென்று ஒரு கடவுளும் இருந்தார். வருடம் தவறாமல் வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போகிறவள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. சொன்னது நான்தான், அது பொய்யில்லை, அதனால் வந்தது என்று அவர்கள் சொல்லட்டும், நான் மறுக்காமல் இருந்தால் போதும் என்று ஒரு கணக்குப் போட்டாள். வக்கீல் மாதிரிக் கணக்கு. “அந்தோனியாரே, இத நீங்களே பேசித் தீர்த்துக்கங்க” என்று முணுமுணுத்துவிட்டு நேரே கோயிலுக்கு நடந்தாள்.

பூசாரி மாரிமுத்து விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலைத் தாண்டாமல் நின்று, லயத்துக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்.

“பூசாரியய்யா, ஒரு நியாயம் கேக்க வந்திருக்கேன். சசி வீட்டுக்கு அம்மாவ நான்தான் கூப்பிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. விருந்தாளியக் கூப்பிட்டவதானே வழியனுப்பணும்? என் பேச்சக் கேட்டு வந்தவங்க என் கூடத்தான் கெளம்பணும். அவங்க பிள்ள மேல இருக்காங்க, அதனால பிள்ளையும் என் கூட வரணும். எங்க கூட்டிப்போறேன், என்ன குடுக்கிறேன், எல்லாம் என் பாடு. குத்தம்னா என் தலையில. பெத்தவங்க தலையில இல்ல.”

பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ போய்ச் சசிக்குமாரையும் கூட்டி வந்தார்கள். மாரிமுத்து விளக்கைக் கீழே வைத்தார். அவர் லேசுப்பட்டவர் அல்ல.

“அவங்க சொல்றாங்க, இவங்க சொல்றாங்கன்னு வேணாம் மிஸ்ஸி. உங்க வாயாலதான் அம்மா திரும்பி வந்தான்னு இங்க நின்னு நீங்க சொல்லுவீங்களா?”

வக்கீல் கணக்குப் பாழாய்ப் போனது. மார்ஜரி சுற்றிப் பார்த்தாள். அவள் பிரசவத்துக்கு அனுப்பிவைத்த முகங்கள், அவள் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்த முகங்கள். முகம் எரிந்தது. வெட்கத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அழாத அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டாள்.

“என் வாயாலதான் வந்தாங்க” என்றாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி முந்திக்கொண்டார். “அப்ப கூட்டிட்டுப் போறதுதான் முறை. வண்டிய மஞ்சத்தண்ணியில கழுவணும். வேப்பில கட்டணும். அங்க படுக்கையிலயும் வேப்பில இருக்கணும்.” சசிக்குமார் இந்த முறை வாசலில் மறிக்கவில்லை.

டொக்டர் முஸம்மில் வந்து இறங்கும்போது நாலு பெண்கள் குடத்தோடு காத்துநின்றார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அரசாங்க ஜீப் மஞ்சள் குளித்தது. முன்கண்ணாடியில் ஒரு கொத்து வேப்பிலை ஏறியது.

“இது என்ன மிஸ்ஸி?” என்றார் மெதுவாக.

“பொலிஸ் செலவு மிச்சம் டொக்டர். ஏறுங்க.”

அவர் ஏறினார். வழியெல்லாம் வேப்பிலை கண்ணாடியில் ஆட, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிக்கொண்டு வந்தார். பின்னால் தினுஷாவின் மடியில் பிள்ளை. மார்ஜரி கரண்டியால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுக்கொண்டே வந்தாள்.

வார்டில் சிங்களத்து நர்ஸ் ஒருத்தி கட்டில் தலைமாட்டில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு நின்றாள். தூக்கி எறியப் போகிறாள் என்று மார்ஜரி வாயைத் தயாராக வைத்திருந்தாள். அந்த நர்ஸோ, “எங்க வீட்டுலயும் இத தெய்வத்தோட நோய்னுதான் சொல்றது” என்று சிங்களத்தில் சொல்லி, சேலைன் குழாயில் இடிக்காதபடி கொத்தை மறுபக்கம் மாற்றிக் கட்டிவிட்டுப் போனாள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார் வார்டு டொக்டர். மூன்றாம் நாள் ஹர்ஷிகா ஊசியைக் கண்டு ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள். மார்ஜரி அந்த அழுகையைப் பாட்டுக் கேட்கிற மாதிரி நின்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த சசிக்குமார், கேட்டுக்குப் பக்கத்தில் அவளைத் தனியாக நிறுத்தினான்.

“மிஸ்ஸி, அம்மாவ நீங்க கூப்பிடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

மார்ஜரி அவனையே பார்த்தாள்.

“பிள்ளைய அனுப்ப எனக்கு ஒரு வழி வேணும்னு இருந்துச்சு. நேந்துகிட்ட வார்த்தையும் ஒடையக் கூடாது, பிள்ளையும் போகக் கூடாது. நீங்க பழிய எடுத்துக்கிட்டீங்க, நான் விட்டுட்டேன். ஆனா லயத்துல இத நான் சொல்ல முடியாது மிஸ்ஸி. உங்க மேல தப்பு இல்லன்னு சொன்னா, தெரிஞ்சே மருந்துக்கு அனுப்பினவன் நான்னு ஆயிரும்.”

மார்ஜரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானா என்று கேட்க வாயெடுத்தாள். அவன் தோளில் ஹர்ஷிகா வாய் நிறைய பிஸ்கட்டோடு அவளைப் பார்த்துச் சிரித்தது. “சொல்ல வேணாம் தம்பி. மருந்த மட்டும் நேரத்துக்குக் குடுங்க” என்றுவிட்டு, ஸ்கூட்டிக்குப் போய் அதன் மேல் கோபத்தைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சொன்னபோது, ஃபாதர் “பிள்ளை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

பயந்தது நடந்தது. மேக்கணக்கில் ஒரு வீட்டில் அவளைக் கண்டதும் பிள்ளைத்தாய்ச்சியை உள்ளே அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் “வேற மிஸ்ஸி வருவாங்களாமே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். வீட்டில் நோபர்ட்டுக்குக்கூட கேலி செய்ய மனம் வரவில்லை. மார்ஜரி இரண்டு மூன்று வீடுகளில் பேசாமலே எடையைப் பார்த்துவிட்டு வந்தாள். பேசாத மார்ஜரியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த மாதக் கிளினிக் பிள்ளைக்காம்பராவில். மேக்கணக்கிலிருந்து பதினொரு பிள்ளைகள் வர வேண்டும். தாய்மார்கள் வந்தார்கள்தான், ஆனால் கேட்டுக்கு வெளியே பலாமரத்தடியில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் போவது என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வேலம்மா இரண்டு முறை கூப்பிட்டும் அசையவில்லை. மார்ஜரி உள்ளே தராசைக் கட்டிவிட்டு, கார்டுகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள்.

தினுஷா வந்தாள். நடக்கிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றவர்களைத் தாண்டிக் கேட்டுக்குள் ஒரு காலை வைத்தவள், அங்கேயே நின்று திரும்பினாள். அவள் குரலை லயத்தில் பலர் சரியாகக் கேட்டதேயில்லை.

“மிஸ்ஸி யாரையும் கூப்பிடல்ல” என்றாள். “பிள்ளைக்குப் புண்ணு பழுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல்ல, அதனால அவங்க தொறந்தாங்க. மருந்து குடுத்தது குத்தம்னா நான்தான் குடுத்தேன். நர்ஸ் குடுத்தப்ப பிள்ள வாயப் பிடிச்சது இந்தக் கைதான். அம்மாவுக்குக் கோவம்னா எங்கிட்ட வரட்டும். நான் பெத்தவ, நான் பேசிக்கிறேன்.”

பின்னால் நின்ற ஒருத்தி கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

தினுஷா ஹர்ஷிகாவைத் தராசில் உட்கார வைத்தாள். மார்ஜரி ஏதாவது சொல்வாள் என்று வேலம்மா காத்திருந்தாள். மார்ஜரி குனிந்து தராசு முள்ளைத்தான் பார்த்தாள். தராசு பன்னிரண்டு கிலோ எண்ணூறு காட்டியது. கண்ணை நீர் மறைத்ததில் அவள் கார்டில் பதினெட்டு என்று எழுதிவிட்டாள். அதை வெட்டிவிட்டுத் திரும்ப எழுத அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.